குடியுரிமை வாங்கியாயிற்று, முதல் ஓட்டுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி விழா முடிந்ததும் ஒரு சான்றிதழும் கையளவுக் கொடி ஒன்றும் தருவார்கள். முன்பெல்லாம் பல ஊர்களில் அந்த மண்டபத்து வாசலிலேயே தன்னார்வலர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். 2025 ஆகஸ்டு 29 அன்று குடிவரவுத் துறை இதை மாற்றிவிட்டது. இனி விழாவில் மாநில, உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் மட்டுமே பதிவு செய்து தரலாம், தொண்டு அமைப்புகளுக்கு அனுமதி இல்லை. அதிகாரி வராத ஊரில் பதிவு உங்கள் தலையில்தான்.

2026 நவம்பர் 3 அன்று இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) நடக்கும் தேர்தல். அதில் முதல் ஓட்டுப் போடப்போகும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த இரண்டு வருடங்களில் விதிகள் நிறையவே அசைந்திருக்கின்றன. அவற்றில் உங்களைத் தொடுவது எது, தொடாதது எது என்று பிரித்துக்கொள்வதே பாதி வேலை.

இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு

நீங்கள் இந்தப் பகுதியையும், பின்னால் பெயரைப் பற்றி வரும் பகுதியையும் மட்டும் படித்தால் போதும். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சிறைத் தண்டனை உண்டு, நாட்டை விட்டே அனுப்பிவிடவும் முடியும். பின்னால் குடியுரிமை கேட்டுப் போகும்போது, "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா?" என்று என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்பார்கள்.

யாரும் வேண்டுமென்றே இதில் போய் விழுவதில்லை. வழுக்குகிற இடம் ஓட்டுநர் உரிம அலுவலகம். 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி அங்கேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. சில மாநிலங்களில் அது தானாகவே பதிந்துவிடும். குடியுரிமைக்கு ஆதாரமே காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அலுவலகத் தவறால் பட்டியலில் ஏறியிருந்தது ஆரிகன் மாநிலத்தில் 2024-இல் வெளியே வந்தது. தவறு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் இந்தப் பக்கம் நிற்பவர்தான். கவனமாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். வாக்காளர் அட்டை ஏதாவது தபாலில் வந்துவிட்டால் குப்பையில் போடாதீர்கள். ஒரு குடிவரவு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, பெயரை நீக்கச் சொல்லிக் கவுண்டி (மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

"சில ஊர்களில் கிரீன் கார்டுக்கும் ஓட்டு உண்டாமே" என்று யாராவது சொல்வார்கள். உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும், மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில இடங்களில் உண்டு. நியூயார்க் நகரமும் அப்படி ஒரு சட்டம் போட்டது. அது செல்லாது என்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், குடியுரிமை கைக்கு வரும்வரை இந்த ஆசையே வேண்டாம்.

தேர்தல் கமிஷனைத் தேடாதீர்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்கு முதலில் குழப்புவது இதுதான். நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பார்ப்பது பிரசாரப் பணத்தை மட்டும். 2002-இல் உருவான தேர்தல் உதவி ஆணையம் இயந்திரங்களுக்குத் தரம் வகுக்கும், தேசிய பதிவுப் படிவத்தை வைத்திருக்கும். அதோடு சரி.

தேர்தலின் நேரம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றங்கள் வகுக்கும், காங்கிரஸ் அதை மாற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் முதல் ஷரத்து. அந்த வரியில் அதிபர் என்ற சொல்லே வராது. சமீபத்திய வழக்குகள் பலவற்றுக்கும் அடி இங்கேதான் இருக்கிறது. நடைமுறையில் பட்டியல் வைப்பது, சாவடி போடுவது, எண்ணுவது எல்லாம் பெரும்பாலும் கவுண்டி அலுவலகம். ஆகவே உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் போன் எண்ணை இப்போதே மொபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் பக்கத்து மாநிலத்து நண்பர் சொல்லும் விதி அவருடைய மாநிலத்துக்கு முழு உண்மையாகவும் உங்களுக்கு முழுப் பொய்யாகவும் இருக்கலாம்.

பெயரை ஒன்றாக்குங்கள்

நம் பெயர்களால் வரும் தொல்லையை மற்றவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகக் கடைசிப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவருக்கு விசாவில் முதல் பெயருக்குப் பதிலாக எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள், "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம். அதுவே உண்மைப் பெயர் போல வங்கியிலும் பள்ளியிலும் கூப்பிடப்பட்டவர்கள் உண்டு. என் ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்ய நான் மூன்று முறை வரிசையில் நின்றேன்.

வாக்காளராகப் பதிவு செய்யும்போது ஓட்டுநர் உரிம எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ கேட்பார்கள். 2002-ஆம் ஆண்டின் வாக்களிப்பு உதவிச் சட்டப்படி அதை அரசுத் தரவுகளோடு ஒப்பிடுவார்கள். பெயர் பொருந்தாவிட்டால் பதிவு இழுபடும், அல்லது முதல் தடவை ஓட்டுப் போடும்போது கூடுதல் அடையாளம் கேட்பார்கள்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர் என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி எடுத்தால் புதுப் பெயர் சான்றிதழிலேயே வந்துவிடும், தனியாக வழக்குப் போடும் செலவு மிச்சம். சான்றிதழ் வந்ததும் முதல் வேலை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். நீங்கள் குடிமகன் ஆனது அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய என்-400 படிவத்திலேயே அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது, ஆனாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. அப்புறம் ஓட்டுநர் உரிமம். உரிமம் காலாவதியாக இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். அந்த அலுவலகத்தின் கணினியில் நீங்கள் இன்னும் வெளிநாட்டுக்காரர்தான். கடைசியாக அமெரிக்க பாஸ்போர்ட். அதற்கு மூலச் சான்றிதழையே அனுப்ப வேண்டியிருக்கும், ஆகவே முன்னிரண்டையும் முடித்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய ஏடு ஏன் ஆபத்து

2019 தொடக்கத்தில் டெக்சஸ் மாநில அரசு, பட்டியலில் இருக்கும் சுமார் 95,000 பேர் குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்று அறிவித்தது. பரபரப்பான செய்தி. சில நாளிலேயே அதில் சுமார் 25,000 பேர் முன்பே குடியுரிமைச் சான்று காட்டியவர்கள் என்று தெரிந்தது. உரிமம் வாங்கும்போது கிரீன் கார்டில் இருந்து, அப்புறம் குடியுரிமை பெற்று, முறையாக ஓட்டுப் போட்டவர்களையெல்லாம் பழைய ஏட்டை வைத்துப் பிடித்திருந்தார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, தேர்தல் பொறுப்பிலிருந்த மாநிலச் செயலர் பதவி விலகினார். 2024-இல் அலபாமா 3,251 பேரை இதே போல் ஒதுக்கியது. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தகுதியுள்ளவர்கள். தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் பட்டியலை மொத்தமாகச் சலிக்கக் கூடாது என்ற 1993-ஆம் ஆண்டு விதியைக் காட்டி நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வர்ஜீனியாவில் சுமார் 1,600 பேரை நீக்கியதை உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. விதி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

2025-இலிருந்து பட்டியலை இப்படிச் சலித்தெடுப்பது வேகமெடுத்திருக்கிறது. குடிவரவுத் துறையின் சேவ் என்ற தரவு அமைப்பு மாற்றியமைக்கப்பட்டு, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து மாநிலங்கள் மொத்தமாகத் தேடலாம் என்றானது. டெக்சஸ் தன் 1.8 கோடி வாக்காளர்களையும் அதில் ஓட்டி, 2,724 பெயரைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. அவர்களில் சிலர் ஏற்கெனவே சான்று காட்டியவர்கள் என்று கவுண்டிகள் கண்டுபிடித்தன. முழு வாக்காளர் பட்டியலையும் தா என்று மெய்ன், ஆரிகன், கலிஃபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்கள் மீது மத்திய நீதி அமைச்சகம் வழக்கும் போட்டிருக்கிறது.

இதில் உங்களுக்கு வருவது ஒரு சாதாரணத் தபால். "குடியுரிமைக்குச் சான்று அனுப்பவும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும்." டெக்சஸில் 30 நாள் அவகாசம். தபால்பெட்டி விளம்பரங்களோடு சேர்த்து அதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டால், அக்டோபரில் பெயர் இருக்காது. அதனால்தான் சோஷியல் செக்யூரிட்டி ஏட்டைப் பற்றி இவ்வளவு நச்சரித்தேன். விலாசம் மாறினால் கவுண்டிக்கும் சொல்லுங்கள். ஜூலை, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் என்று மூன்று முறையாவது மாநில இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பதிவு

வோட் டாட் கவ் (vote.gov) என்ற அரசு தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பெரும்பாலான மாநிலங்களில் இணையத்திலேயே முடிந்துவிடும். டெக்சஸில் முடியாது. படிவத்தை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். பாதி டெக்சஸ் தமிழர் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள், வீட்டில் பிரின்டர் இருக்காது. வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது, அடையாள அட்டையோடு போனால் போதும்.

கடைசி நாள் இடத்துக்கு இடம் மாறும். இந்த வருடம் டெக்சஸில் அக்டோபர் 5, நியூ ஜெர்சியில் அக்டோபர் 13, பென்சில்வேனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் அக்டோபர் 19, நியூயார்க்கில் அக்டோபர் 24. கலிஃபோர்னியாவில் அதற்குப் பிறகும் நேரில் போய்ப் பதிந்து அன்றே ஓட்டுப் போடலாம்.

குடியுரிமைக்குச் சான்று தர வேண்டுமா? தேசியப் படிவத்தில் "நான் குடிமகன்" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பொய்யாகப் போட்டால் குற்றம். ஆனால் அரிசோனா தன் மாநிலத் தேர்தல்களுக்கு ஆவணம் கேட்கிறது. தேசியப் படிவத்தில் பதிந்து அதைத் தராதவர் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம். நியூ ஹாம்ப்ஷயரும் வயோமிங்கும் அண்மையில் சான்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ கையோடு கொண்டுபோங்கள்.

பதிவுப் படிவத்தில் சில மாநிலங்கள் கட்சியையும் கேட்கும். பலர் இதைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும். இங்கே பிரைமரி என்ற முதற்கட்டத் தேர்தலில் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்திருந்தால்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டு. டெக்சஸில் கட்சிப் பதிவே இல்லை, எந்தப் பிரைமரி வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னால் போதும். ஒரே கட்சி கோலோச்சும் தொகுதிகளில் உண்மையான போட்டி பிரைமரியோடு முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்தி வந்தால் நான்கு கேள்வி

"இனி ஓட்டுப் போட பாஸ்போர்ட் கட்டாயம்" என்று ஒரு ஃபார்வர்டு வரும். பதறுவதற்கு முன் கேளுங்கள்: இது சட்டமா, மசோதாவா, அதிபர் ஆணையா, தீர்ப்பா? எந்த மாநிலம்? கோர்ட் தடுத்திருக்கிறதா? எப்போதிலிருந்து நடைமுறை?

2025 மார்ச் 25 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். தேசியப் படிவத்தோடு குடியுரிமை ஆவணம் இணைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஏப்ரலில் வாஷிங்டன் நீதிபதி கோலர்-கொட்டெலி இடைக்காலத் தடை விதித்தார், அக்டோபர் 31-இல் அந்தப் பகுதியை நிரந்தரமாகத் தடுத்தார். தேர்தல் விதியை அதிபர் தனியாக எழுத முடியாது என்பதே காரணம். இன்னொன்று, சேவ் சட்டம் என்ற மசோதா. மேலே சொன்ன சேவ் தரவு அமைப்பும் இதுவும் வேறு வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அது 2025 ஏப்ரல் 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 208 என்று நிறைவேறியது. சபையில் நிறைவேறியதோடு சட்டமாகிவிடாது, மேல்சபையான செனட் என்ற சுவர் இருக்கிறது. ஆவண விதி எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பழைய பாடம் கன்சஸ். அங்கே 2013-இலிருந்து சில வருடம் இருந்த இத்தகைய விதியால் சுமார் 31,000 பேரின் பதிவு நின்றது. பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தீர்ப்புகளும் திரும்பும். டெக்சஸ் 2025 ஆகஸ்டில் தொகுதிகளை மறுபடி வரைந்தது, குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்கும் நோக்கத்தோடு. நவம்பர் 18-இல் கீழ்க்கோர்ட் தடுத்தது. டிசம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது, வேட்புமனுவுக்குக் கடைசி நாளான டிசம்பர் 8-க்கு நான்கு நாள் முன்பு. தேர்தல் நெருக்கத்தில் கீழ்க்கோர்ட்டுகள் விதியை மாற்றக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டு பர்செல் வழக்கிலிருந்து அந்த நீதிமன்றம் சொல்லி வருகிறது. பதிலுக்குக் கலிஃபோர்னியா நவம்பர் 4 அன்று மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. மிசூரி, வட கரோலினாவிலும் புது வரைபடங்கள். உங்களுக்கு இதிலிருந்து வருவது ஒன்றே: வீடு மாறாமலே தொகுதி மாறியிருக்கலாம். மாதிரி வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வேட்பாளரைப் பற்றிப் படியுங்கள்.

தபாலில் போடுவதென்றால்

கலிஃபோர்னியாவில் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். டெக்சஸில் 65 வயதானவர், உடல் இயலாதவர், அந்த நாள்களில் கவுண்டியில் இல்லாதவர் என்று சிலருக்கு மட்டுமே தபால் ஓட்டு.

தேர்தல் நாளுக்குள் முத்திரை குத்தப்பட்டுச் சில நாள் கழித்து வந்து சேரும் ஓட்டை எண்ணலாமா என்பதுதான் இப்போதைய பெரிய சண்டை. மிசிசிப்பியின் ஐந்து வேலைநாள் சலுகை மத்தியச் சட்டத்துக்கு முரண் என்று ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் வழக்கைக் கையில் எடுத்தது. இதற்குள் கன்சஸ், யூட்டா, வடக்கு டகோட்டா, ஒஹாயோ ஆகியவை தங்கள் சலுகையைத் தாங்களே எடுத்துவிட்டன. போதாக்குறைக்கு, முத்திரையில் உள்ள தேதி நீங்கள் தபாலைப் போட்ட தேதியாக இருக்க வேண்டியதில்லை என்று தபால் துறை 2025 டிசம்பரில் விதியிலேயே எழுதிவிட்டது. சலுகை உள்ள மாநிலமோ இல்லாத மாநிலமோ, குறைந்தது ஒரு வாரம் முன்பு அனுப்பிவிடுங்கள். தாமதமாகிவிட்டால் தபால் அலுவலகக் கவுண்டரில் கையால் முத்திரை குத்தச் சொல்லலாம், காசு கிடையாது. அதைவிட, கவுண்டியின் வாக்குப் பெட்டி இருந்தால் நேரில் போட்டுவிடுவது மேல்.

கையெழுத்தில் கவனம். தமிழில் ஒரு கையெழுத்து, ஆங்கிலத்தில் ஒன்று, அவசரத்துக்கு ஒரு கோடு என்று வைத்திருப்பவர்கள் உரிமத்தில் உள்ளதையே போடுங்கள். டெக்சஸில் அடையாள எண்ணும் எழுத வேண்டும். அந்த விதி வந்த பிறகு 2022 மார்ச் பிரைமரியில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள், ஏறக்குறைய எட்டில் ஒன்று, தள்ளுபடியாயின. பதிவின்போது எந்த எண் கொடுத்தோம் என்று ஞாபகம் இல்லாவிட்டால் உரிம எண், சோஷியல் செக்யூரிட்டி கடைசி நான்கு இலக்கம் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

சாவடியில்

தேர்தல் நாள் செவ்வாய், நாடு முழுவதற்குமான லீவு கிடையாது. முன்கூட்டியே நேரில் ஓட்டுப் போட வசதி உள்ள மாநிலத்தில் அதையே பயன்படுத்துங்கள், கூட்டமும் குறைவு. அடையாள அட்டை விதியை முந்தின நாளே பாருங்கள். டெக்சஸில் ஏழு வகை அட்டை செல்லும். துப்பாக்கி உரிமம் அதில் உண்டு, கல்லூரி அட்டை இல்லை! படத்தோடு கூடிய குடியுரிமைச் சான்றிதழும் செல்லும் என்பது நமக்கு வசதி.

வாக்குச்சீட்டு நீளமாக இருக்கும். செனட்டரில் தொடங்கி நீதிபதி, ஷெரிஃப், பள்ளி வாரியம் வரை போகும். தெரியாததைக் காலியாக விடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும்.

அம்மா அப்பாவுக்கு: 50 வயதைக் கடந்து 20 வருடம் கிரீன் கார்டில் இருந்தவரும், 55-ஐக் கடந்து 15 வருடம் இருந்தவரும் ஆங்கிலத் தேர்வு எழுதாமலே குடியுரிமை பெற்றிருப்பார்கள். சீட்டைப் படிக்க இயலாதவர் தனக்கு வேண்டிய ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம் என்கிறது வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு. அவருக்கு வேலை கொடுத்தவரும் அவருடைய தொழிற்சங்க நிர்வாகியும், இவர்களின் பிரதிநிதிகளும் மட்டும் கூடாது. மகளோ மருமகனோ கூடப் போகலாம். ஆனால் யாருக்கு ஓட்டு என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும், வீட்டுச் சண்டையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

"உங்கள் பெயர் இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். சரியான சாவடிதானா என்று முதலில் பாருங்கள். சரி என்றால் தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள், 2002-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. தனி உறையில் வைப்பார்கள், தகுதி உறுதியானால் எண்ணுவார்கள். டெக்சஸில் அட்டை கொண்டுவராததால் அப்படிப் போட்டவருக்கு அதைக் காட்ட ஆறு நாள் அவகாசம். ஓட்டு எண்ணப்பட்டதா என்று பின்னால் தெரிந்துகொள்ளும் வழியை ஒரு தாளில் எழுதித் தருவார்கள், அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.